மூக்கும் நோட்டுப் புத்தகமும்: கடலூர் சிப்காட் ஊர்களில் ஒரு பயிற்சி என்ன செய்தது?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் முதுநகரைத் தாண்டியதும் ஜன்னலோரப் பயணிகள் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்துவது புதிதல்ல. முந்தானை, துண்டு, கைக்குட்டை, எது கையில் இருக்கிறதோ அது. சில நிமிடங்களில் சிப்காட் தொழிற்பேட்டை பின்னால் போய்விடும். துணியும் மடிக்கு இறங்கிவிடும். குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் வாய் மூடி இருந்தவர்கள் அல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போன் செய்தார்கள், மனு கொடுத்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். "நாற்றம் தாங்க முடியவில்லை, குழந்தை வாந்தி எடுக்கிறது" என்பார்கள். மறுமுனையில் மூன்று கேள்விகள் வரும். என்ன நாற்றம்? எந்தக் கம்பெனியிலிருந்து? எத்தனை மணிக்கு? மூன்றுக்கும் உருப்படியான பதில் இருக்காது. அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கும்போது காற்று திசை மாறியிருக்கும். அவர் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை.

2004-ல் இந்த ஊர்களில் நடந்த ஒரு பயிற்சி, அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தது. சுகாதாரம், பாதுகாப்பு பற்றிய கல்வித் திட்டங்கள் சில இடங்களில் ஏன் பிடித்துக்கொள்கின்றன, பல இடங்களில் சான்றிதழோடும் குழுப் புகைப்படத்தோடும் ஏன் முடிந்துபோகின்றன என்று பார்க்க, நம் பக்கத்தில் இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட வேலையாக மாறிய பாடம் ஊரில் தங்கியது. அப்படி மாறாத பாடம், எவ்வளவு அவசியமானதாக இருந்தாலும், சுவரொட்டியோடு நின்றுவிட்டது.

ஊரும் பேட்டையும்

சிப்காட் வளாகம் 1980-களில் வந்தது. ஒரு பக்கம் உப்பனாறு, ஆற்றைத் தாண்டினால் கடல். மறுபக்கம் சிதம்பரம் சாலை. பூச்சிமருந்து, சாயம், மருந்துக்கான மூலப்பொருட்கள் என்று வேதி ஆலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே மதிலுக்குப் பக்கத்தில் பல புகைபோக்கிகள் இருக்கும்போது, எந்த நெடி எந்த ஆலையுடையது என்று கண்ணால் பிரித்துச் சொல்வது நடக்காத காரியம்.

காற்றின் போக்கு நிலைமையை இன்னும் குழப்புகிறது. பகலில் கடற்காற்று வளாகத்தின் வாயுவை மேற்கே தள்ளும். இரவில் தரைக்காற்று அதையே கடற்கரைக் குப்பங்களின் பக்கம் திருப்பும். அதோடு, இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் தரையை ஒட்டிய காற்று மேலே எழும்பாமல் படுத்துக்கிடக்கும். வாயுவும் அதோடு சேர்ந்து தெருவில் படரும். நெடி அதிகமாக உறைப்பது அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில்தான்.

நகரத்திலிருந்து வருகிறவர்கள் எளிதில் கவனிக்காத இன்னொரு சிக்கலும் உண்டு. புகார் சொல்கிறவரின் வீட்டிலேயே ஒருவர் ஆலைக்குள் ஒப்பந்த வேலைக்குப் போவார். அண்ணன் உப்பனாற்றில் வலை போடுவார், தம்பி ஷிப்டுக்குப் போவார். "உங்கள் தம்பி எங்களிடம்தானே இருக்கிறான்?" என்று ஒரு மேஸ்திரி சிரித்துக்கொண்டே கேட்டால் போதும், மனு மடிந்து சட்டைப் பைக்குள் போய்விடும். ஆகவே இங்கே அறியாமை மட்டும் தடையாக இருக்கவில்லை. தெரிந்ததைச் சொல்வதற்கும் ஒரு விலை இருந்தது. பயிற்சியைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையில் ஒரு மக்கள் தீர்ப்பாயம் இந்தப் பகுதியின் குறைகளைக் கேட்டு, 2003-ல் அறிக்கை வெளியிட்டது. ஊராரின் வாய்மொழி அப்போதே பதிவாகிவிட்டது. அந்த வாய்மொழியை அளவும் நேரமும் உள்ள பதிவாக மாற்றும் வேலைதான் பாக்கி இருந்தது.

பயிற்சி மூக்கில் தொடங்கியது

அடுத்த ஆண்டு, ஊர்க்காரர்களையே கொண்டு, சிப்காட் பகுதிச் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழு உருவானது. 'தி அதர் மீடியா' என்ற அமைப்பு துணை நின்றது. 'குளோபல் கம்யூனிட்டி மானிட்டர்' என்ற அமெரிக்க அமைப்பின் டென்னி லார்சன் பயிற்சி கொடுத்தார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழும் அமெரிக்க மக்களிடம் வளர்ந்த முறை அது. இந்தியாவுக்கு முதலில் வந்து சேர்ந்தது கடலூருக்கு.

பாதுகாப்புப் பயிற்சி என்றால் வழக்கமாக வேதிப்பொருட்களின் பட்டியலில் தொடங்குவார்கள். பென்சீன், டொலுவீன் என்று பலகையில் எழுதியதுமே பின் வரிசை காலியாகத் தொடங்கும். இந்த முறையில் முதல் பாடம் நெடிதான். அழுகிய முட்டை போல வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கக்கூடும். அழுகிய முட்டைக்கோஸ் போல இருந்தால் மெர்கப்டன் வகை. நகப்பூச்சு போல இனிப்பாக ஏறினால் அசிட்டோன். நெடி மட்டும் போதாது. உடம்பு என்ன சொல்கிறது என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண் எரிகிறதா, தொண்டை கரகரக்கிறதா, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா?

இந்தப் பாடத்தின் கெட்டிக்காரத்தனம் எளிதில் கண்ணில் படாது. ஊராருக்கு ஏற்கெனவே நெடிகள் தெரியும். மழைக்கு முன் வருவது எது, விடியற்காலையில் வருவது எது, எந்த நெடி வந்தால் பிள்ளைகளுக்கு இருமல் பிடிக்கும் என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி. பயிற்சி அந்த அறிவைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திணிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு வேதிப்பெயரையும் ஒரு கடிகாரத்தையும் வைத்தது, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியம்மா இந்த வகுப்பில் மற்றவர்களுக்கு முன்னால் நிற்கலாம். எழுதுவதற்குப் பேத்தி போதும்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். நாள், நேரம், இடம், காற்று எங்கிருந்து வீசுகிறது, எந்த மாதிரி நெடி, எவ்வளவு நேரம் இருந்தது, உடம்பில் என்ன தொந்தரவு, எந்த ஆலையின் மீது சந்தேகம், யாரிடம் புகார் சொல்லப்பட்டது, என்ன பதில் வந்தது. இந்த முறைப்படி எழுதினால் ஒரு வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'இரவு 10.40. காற்று மேற்கிலிருந்து. கோயில் முனையில் அழுகிய முட்டைக்கோஸ் நெடி, இருபது நிமிடம். கண் எரிச்சல், கோடி வீட்டு ஆயாவுக்கு இருமல். 10.55-க்கு வாரியத்துக்குப் போன். மணி அடித்தது, எடுக்கவில்லை.'

கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். போனை எடுக்கவில்லை என்பதும் ஒரு தரவுதான் என்று சொல்லிக்கொடுப்பது சாதாரண விஷயமல்ல. புகார் சொல்லிப் பலன் இல்லை என்று சலித்துக்கொள்கிறவர், அந்தச் சலிப்பையே நேரத்தோடு எழுதி வைக்கும் ஆளாக மாறுகிறார். குழுவினர் வளாகத்தைச் சுற்றி ரோந்து போனார்கள். நெடி வரும் வரை வீட்டில் காத்திருக்காமல் அதைத் தேடிப் போனார்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, எதிர்த்திசையில் நடந்து, நெடி எங்கே தொடங்குகிறது, எந்த மதிலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது என்று குறித்தார்கள். மேஸ்திரியின் கேள்விக்கும் இதில் ஒரு விடை கிடைத்தது. பதிவேடு குழுவின் பெயரில் இருந்தது; மனுவைப் போல ஒரு தனி ஆளின் கையெழுத்தில் தொங்கவில்லை.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பர்க் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும், தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிகளைப் பற்றி 1971 முதல் 2003 வரை வந்த 95 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 2006-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். உரை, துண்டுப் பிரசுரம், வீடியோ என்று உட்கார்ந்து கேட்கும் பயிற்சிகளைவிட, செய்து பார்த்து, திருத்தம் வாங்கி, மறுபடி செய்யும் பயிற்சிகளில் அறிவு ஏறுவது ஏறத்தாழ மூன்று மடங்கு. விபத்தும் காயமும் குறைவதிலும் அதே போக்குத்தான். சிப்காட் ஊர்களில் நடந்தது அந்த முடிவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு ரோந்தும் ஒரு மறுபயிற்சி. ஒவ்வொரு பதிவும் ஒரு திருத்தம். அதற்காகத் தனியே வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

வாளிக்குள் ஒரு பை

நெடியை எழுதி வைத்தாலும், அது உண்மையில் என்ன வாயு என்று கேட்டால் மூக்கை மட்டும் சாட்சிக்கு அழைக்க முடியாது. அதற்குத்தான் வாளி.

பார்ப்பதற்கு நம் வீட்டுப் பெயிண்ட் வாளி மாதிரிதான். மூடி இறுக்கமாகப் பொருந்தும். உள்ளே டெட்லர் என்ற, வாயுக்களோடு எளிதில் வினை புரியாத பிளாஸ்டிக்கில் செய்த பை ஒன்று தொங்கும். பையின் வாய் ஒரு சிறு குழாய் வழியாக மூடிக்கு வெளியே வந்து, ஒரு வால்வில் முடியும். மூடியின் இன்னொரு துளையில் காற்றை உறிஞ்சும் சிறு பம்பைப் பொருத்துவார்கள். பம்பு உறிஞ்சுவது வாளிக்குள் பையைச் சுற்றியுள்ள காற்றைத்தான், பைக்குள் இருப்பதை அல்ல. வாளிக்குள் அழுத்தம் குறைந்ததும், வால்வைத் திறந்தால், வெளிக்காற்று தானாகப் பைக்குள் புகுந்து பை உப்பிக்கொள்ளும். மாதிரிக் காற்று பம்பின் உள்ளே போவதே இல்லை. ஆகவே பம்பின் எண்ணெயோ தூசியோ கலக்க வழியில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இதே வேலைக்கு ஆய்வகங்கள் வெற்றிடமாக்கிய எஃகுக் குடுவைகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் விலை ஊர்க் குழுக்களுக்குக் கட்டாது.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய கைத்திறன் வால்வைத் திருகுவது மட்டும் அல்ல. எப்போது எடுப்பது என்ற முடிவுதான் கடினமானது. நெடி உச்சத்தில் இருக்கும் நிமிடத்தில் வாளி அங்கே இருக்க வேண்டும்; தாமதித்தால் வெறும் காற்றைப் பிடித்து அனுப்பி, 'ஒன்றும் இல்லை' என்ற அறிக்கையை வாங்கி வர நேரிடும். எடுத்த பிறகு நாள், நேரம், இடம், எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு பையோடு போக வேண்டும். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வேண்டும். வாயு பைக்குள்ளேயே சிதையத் தொடங்கும், அதிலும் கந்தகச் சேர்மங்கள் விரைவாகச் சிதையும் என்பதால் அனுப்புவதில் தாமதம் கூடாது. மீன் விற்கும் பெண்களுக்கு இது விளங்காதா என்ன? பிடித்த நேரத்துக்கும் விற்கும் நேரத்துக்கும் இடையிலுள்ள மணிக்கணக்கில் பிழைப்பவர்கள் அவர்கள்.

கிடைத்தது என்ன

2004-ல் எடுத்த மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் தெரிந்தன. அவற்றில் புற்றுநோயைத் தூண்டக்கூடியவையும் இருந்தன. அந்த ஆண்டே அறிக்கை வெளியாகி, அபாயகரமான கழிவுகள் பற்றிய உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழுவின் பார்வைக்கும் இந்தப் பகுதி வந்தது.

அறிக்கை வெளியானதும் ஒரு விசித்திரம் தெரிந்தது. காற்றில் இந்த வாயு இவ்வளவு இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னால், எவ்வளவு இருக்கலாம் என்ற சட்ட வரம்பைக் காட்ட வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1994-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகளில் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், தூசுத் துகள், ஈயம், கார்பன் மோனாக்சைடு போன்றவைதான் இருந்தன. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு வரம்பே கிடையாது. வரம்பு இல்லாத இடத்தில் மீறல் என்ற பேச்சுக்கும் இடமில்லை! அவற்றில் ஒன்றான பென்சீனுக்குத் தேசிய வரம்பு வந்தது 2009 நவம்பரில்தான். அதற்குக் கடலூர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓட்டையை முன்கூட்டியே விரல் வைத்துக் காட்டியவர்களில் இந்த ஊர்க்காரர்களும் உண்டு.

இன்னொரு முட்டுச்சுவரும் இருந்தது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, மாதிரியை அதிகாரம் பெற்ற அலுவலர்தான், ஆலை நிர்வாகத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, எடுக்க வேண்டும். அந்த முறையில் எடுக்காத மாதிரியின் முடிவு நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. வாளிக் காற்று எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெறும் தகவல்தான். குழுவினர் அதைத் தகவலாகவே பயன்படுத்தினார்கள்: பத்திரிகைக்கு, கண்காணிப்புக் குழுவுக்கு, வாரியத்தையே அளக்க வைப்பதற்கு. பின்னர் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியும் இந்தப் பகுதியின் காற்றை ஆராய்ந்து, இங்கே வாழ்கிறவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்று சொன்னது.

ஆக, பயிற்சியின் வெற்றியை எங்கே அளப்பது? டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சிகளை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, கற்றதைப் பிறகு செய்தார்களா, அதனால் நிலைமை மாறியதா. நம் ஊர்ப் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் படியிலேயே மதிய உணவோடு முடிந்துவிடும். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் இரண்டாம் படிக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். சிப்காட் பயிற்சி மூன்றாம் படியைத் தெளிவாகத் தொட்டது. பயிற்சியாளர் ஊர் திரும்பிய பிறகும் ரோந்து நடந்தது, பதிவு தொடர்ந்தது. நான்காம் படியில் பதில் கலவையானது. காற்று முழுக்கத் தூய்மையாகிவிடவில்லை. அந்தச் சாலையில் போகிற எவரும் அதைச் சொல்வார்கள்.

இதில் சிப்காட் ஊர்கள் விதிவிலக்கு இல்லை. லிண்டா ராப்சனும் சக ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட முறையான ஆய்வுத் தொகுப்பும் இதையே சொல்கிறது: பயிற்சி தொழிலாளர்களின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு, பயிற்சி மட்டுமே உடல்நலத்தை மேம்படுத்துகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. நோயின் காரணம் ஆலையின் குழாயில் இருக்கும்போது, கற்றுக்கொண்டவர் குழாய்க்கு வெளியே நிற்கிறார். பாதுகாப்புக் கல்விக்கு நிதி ஒதுக்கிவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருக்கும் நிர்வாகங்கள் அந்தத் தொகுப்பை ஒருமுறை படிக்கலாம்.

அதே ஆண்டு, நல்லவாட்டில்

வாளி கடலூருக்கு வந்த அதே 2004-ன் கடைசியில், சில கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊரில் இன்னொரு பாடத்துக்குத் தேர்வு வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தி வந்தது. கடற்கரை ஊர்களில் அலை உயரம், வானிலை, மீன் இருக்கும் பகுதி ஆகியவற்றை ஒலிபெருக்கியில் சொல்வது அந்தத் திட்டத்தின் வேலைகளில் ஒன்று. டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர் இளைஞர் ஒருவர், முன்பு அதே மையத்தில் தன்னார்வலராக இருந்தவர், ஆழிப்பேரலை பற்றிய செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வெளியேறினார்கள். 150 அளவில் வீடுகளும் 200 அளவில் படகுகளும் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. போன் வந்தது அதிர்ஷ்டமாகவே இருக்கட்டும். அது வந்தவுடன் எங்கே ஓட வேண்டும், எந்தக் கதவை உடைக்க வேண்டும், எந்தக் குழாயில் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும் என்பது தெரிந்திருந்தது. அந்த ஒலிபெருக்கியை ஊர் மீன்பிடித் தொழிலுக்காகக் கேட்டுப் பழகியிருந்தது. அதில் வரும் குரலை நம்பியிருந்தது. ஆழிப்பேரலைக்காக மட்டும் ஒரு கருவியைக் கொண்டுவந்து பூட்டி வைத்திருந்தால், அன்று காலை அதன் சாவி யாரிடம் என்று தேடியிருப்பார்கள்.

மூக்கு ஏமாற்றும் இடம்

சிப்காட் பயிற்சியை இவ்வளவு மெச்சிய பிறகு, அது தொடாமல் விட்ட பகுதியையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, மூக்கு நல்ல காவலன்; நல்ல அளவுகோல் அல்ல. ஹைட்ரஜன் சல்பைடை மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அபாய அளவை நெருங்கும்போது, சில நிமிடங்களில் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நெடி போய்விட்டதே என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர் அந்த நேரத்தில்தான் சாகக்கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பென்சீன் மூக்குக்கு எட்டும்போது பாதுகாப்பான அளவை எப்போதோ தாண்டியிருக்கும். நெடியைத் தேடி ரோந்து போகக் கற்றுக்கொண்டவர்களுக்கு, எந்த நெடி வந்தால் நோட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஓடுவது எப்படி என்பது. வாயு கசிந்தால் காற்று போகும் திசையிலேயே ஓடக்கூடாது. காற்றுக்குக் குறுக்காக நகர வேண்டும். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் இது தெரியாமல் வாயுவோடு சேர்ந்தே ஓடியவர்கள் ஏராளம். குளோரின் போலக் காற்றைவிடக் கனமான வாயுவாக இருந்தால் பள்ளத்தில் தேங்கும். மேட்டுக்குப் போக வேண்டும். தண்ணீரில் கரையும் வாயுவுக்கு ஈரத் துணி ஓரளவு உதவும். எல்லா வாயுவுக்கும் உதவாது. போபாலுக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகள், ஆலைக்கு வெளியே வாழ்கிறவர்களுக்கு அபாயத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை என்கின்றன. ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடத்த வேண்டும் என்கின்றன. 1996-ஆம் ஆண்டின் விதிகள் மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் வேண்டும் என்கின்றன. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சிப்காட்டை ஒட்டிய ஊர் ஒன்றின் பள்ளியில், மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளையொட்டி நடந்த நிகழ்ச்சியை ஒருமுறை பார்த்தேன். தீயணைப்பான் காட்டினார்கள். பயிற்சியாளர் தாமே ஊசியை உருவி, தாமே பிடியை அழுத்தினார். வெள்ளைத் தூள் பறந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பிள்ளையின் கையிலும் அது கொடுக்கப்படவில்லை. பிறகு வினாடி வினா, பரிசாக டிபன் பாக்ஸ். நிகழ்ச்சி கலையும்போது, பரிசு வாங்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் கேட்டேன்: "இப்போது சங்கு ஊதி, வாயு வருகிறது என்று சொன்னால் என்னம்மா செய்வாய்?"

"வீட்டுக்கு ஓடிவிடுவேன் சார். ஆயா தனியாக இருக்கிறார்கள்."

"வீடு எந்தப் பக்கம்?"

அவள் கை நீட்டிய பக்கம் ஆலையின் மதில் இருந்தது.

அவளுக்குத் தீயின் வகைகள் அத்தனையும் தெரியும். சற்று முன்தான் மேடையில் தவறில்லாமல் சொன்னாள். அவள் ஆயாவைப் பற்றி நிகழ்ச்சியில் யாரும் யோசிக்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில், "பள்ளிக்குள்ளேயே இரு" என்று பிள்ளையிடம் நூறு முறை சொன்னாலும் பயன் இல்லை. ஆயாவை யார் எழுப்பி அழைத்து வருவார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால்தான் அது பள்ளிக்குள் நிற்கும். அதே போல, பள்ளி பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தால்தான் அவர்கள் பள்ளியை நோக்கி ஓடி வந்து தெருவை அடைக்காமல் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு ஒத்திகையில் இது படியாது.

படிய வைக்கும் வழி சிப்காட் குழுவின் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. காற்று எங்கிருந்து வீசுகிறது என்று எழுதும் அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துப் பள்ளிக்குக் கொண்டு போகலாம். கொடிக்கம்பத்தின் உச்சியில் ஒரு சாயத் துணிப் பட்டையைக் கட்டலாம். காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறளும் செய்தியும் வாசித்த பிறகு, ஒரு பிள்ளை துணியைப் பார்த்து, "இன்று காற்று தென்கிழக்கிலிருந்து. விலக வேண்டியது இந்தத் தெரு வழியாக" என்று சொல்லி, கரும்பலகையில் தேதிக்குப் பக்கத்தில் எழுதலாம். மாலையில் விளையாட்டு நேரத்தில் இன்னொரு முறை பார்த்தால், கடற்காற்று எப்போது திரும்புகிறது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே பிடிபடும். நெடி வந்தால் அதே பலகையில் நேரத்தோடு குறிக்கலாம்.

ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பட்டியல் வேண்டும். தெருவாரியாக, தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரை எழுப்பிக் கூட்டிப்போகும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர், அவர் ஷிப்டில் இருந்தால் மாற்றாக இன்னொருவர். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாதாமாதம் கூடும்போது அதை வாசித்துத் திருத்தலாம். இரவு நேரத்துக்கு ஒன்றும் பகல் நேரத்துக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல்கள் தேவைப்படும், ஏனென்றால் பகலில் தூக்கக்கூடிய கைகள் பாதி ஆலைக்குள் இருக்கும், மீதி கடலில் இருக்கும்.